செவ்வாய், வியாழன், சனியில் மேயாத மாடுகள்

"இது புல்லு தின்ன மாட்டுப் பால் இல்லீங்க," என்று டம்ளரைக் கீழே வைத்தாள் வீட்டம்மா.

அவள் கணவரான பூட்டுக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை, மணி எட்டே முக்கால். ஒரே ஒரு வாய்தான் குடித்திருந்தாள். மிச்சப் பால் டம்ளரில் ஆடை கட்ட ஆரம்பித்துவிட்டது.

"பாட்டில்ல அப்படித்தானே போட்டிருக்கு? பசு படம்கூட இருக்கு. காலுக்குக் கீழ புல்லு இருக்கு பாரு."

"படம் வரையறவன் புல்லுதான் வரைவான். பின்ன, தீவன மூட்டையா வரைவான்? இந்த மாடு தின்னது சோளமும் புண்ணாக்கும். நாக்குலயே நிக்குது."

"சரிம்மா, இன்னிக்கு ஒரு நாள் குடிச்சிடு. நாளைக்கு வேற வாங்கிட்டு வரேன்."

"முப்பத்தோரு வருஷம் பால் ருசி பார்த்தவகிட்ட வந்து ஒரு நாள் குடிச்சிடுன்னு சொல்றீங்களே, நல்லாருக்கா? இப்பவே போய் மாத்திட்டு வாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேறு என்ன செய்வார், பாவம்.

அந்த அம்மாவின் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இவரை வெறும் பெண்டாட்டிதாசன் என்று நினைத்துவிடுவீர்கள். பால் நிலையத்தில் அவளுக்கு வேலையே ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான். லாரி வந்து நிற்கும். ஒரு கரண்டிப் பாலை வாயில் விட்டு, நாக்கில் ஒரு உருட்டு உருட்டி, துப்பிவிட்டு, "ஏத்துக்கலாம்" என்பாள், அல்லது "திருப்பி அனுப்பு" என்பாள். அப்பீல் கிடையாது. ஒரு தடவை மெஷின் நல்ல பால் என்று சொன்ன முழு லாரியையே, "கேனை வெங்காய மூட்டை பக்கத்துல வச்சிருந்திருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து நிலையம் முழுக்க அவளுக்கு 'நாக்கு மேடம்' என்றுதான் பெயர்.

பூட்டுக்காரருக்கு வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மேஜை, சாவியை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பிடிகருவி, நாலு அரம், சுவர் முழுக்கச் சாவிகள். முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு திரை. அவள் இருமினால் இவர் கை நிற்கும். நாள் பூராவும் வீட்டிலேயே கிடக்கிற மனிதர்.

ஒரே ஒரு பலவீனம் உண்டு. ஊசி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்ட அன்று, "நான் இருக்கேன், நீ பயப்படாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி நுனியைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் தரையில். மேஜை விளிம்பு நெற்றியில் பட்டு மூன்று தையல். தையலுக்கு மரத்துப்போக ஒரு ஊசி போட வந்தார்கள், அதைப் பார்த்து மறுபடியும் மயக்கம். கடைசியில் நோயாளி எழுந்து வந்து இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து டாக்டர் அறைக்குள் அவரை அவள் விடுவதே இல்லை. இவர் வராந்தா பெஞ்சோடு சரி.

கடைசி தடவை போனபோதும் அப்படித்தான். அவள் உள்ளே ரொம்ப நேரம் இருந்தாள். இவர் வராந்தாவில் கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டினார். ஆரோக்கிய உணவு பற்றி ஒரு பக்கம். தீவனம் தின்னாமல் புல் மேய்ந்து வளர்கிற பசுவின் பால், அந்தப் பாலில் செய்த சீஸ், அதில் நல்ல கொழுப்பு, நல்ல சத்து என்று என்னென்னவோ எழுதியிருந்தது. காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்து, "இனிமே ஊசி எல்லாம் வேண்டாம்னுட்டாருங்க. நல்லாச் சாப்பிடச் சொன்னாரு, அவ்வளவுதான்," என்றாள்.

பூட்டுக்காரர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "சாப்பாடுதானே? அதை என்கிட்ட விடு."

அவள் அப்போது பாதியாய் இளைத்திருந்தாள். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றியிருந்தாள். தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஐந்து கிலோ கூடிவிட்டால் போதும், அவள் தன்னோடு இருப்பாள் என்று பூட்டுக்காரர் நம்பினார். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் சொல்லவில்லை. அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு அதைப் பிடித்துத் தொங்கினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தெருமுனைக் கடையிலேயே வேறு பாட்டில் வாங்கிக்கொண்டு இருபதே நிமிஷத்தில் திரும்பி வந்து நின்றார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"இது அதைவிட மோசம்."

"இன்னும் குடிக்கவே இல்லையேம்மா!"

"குடிக்கணுமா? நிறத்தைப் பார்த்தாலே தெரியலையா? தெருமுனையில எல்லாம் வாங்காதீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கடை இருக்கே, அங்க போங்க."

"அது பஸ்ல போகணுமே."

"பஸ்ஸுன்னா ஏறிப் போங்க. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்."

பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வந்தார். மதியம் அதைக் குடித்துவிட்டு, "ம், பரவாயில்லை," என்றாள். புதன்கிழமை, "நல்லாருக்கே!" என்றாள். பூட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு பூட்டை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை, அதே கடைச் சீஸ். ஒரு துண்டு ரொட்டியோடு கடித்தாள். முகம் மாறியது.

"மாட்டைக் கட்டிப் போட்டு வளர்த்திருக்கான். காலாற நடக்காத மாடு."

"அதுகூடவா நாக்குல தெரியுது?"

"கடைக்காரன் பேச்சை நம்பிப் பிரயோஜனம் இல்லீங்க. நேரா ஒரு பண்ணைக்குப் போங்க. மாட்டைக் கண்ணால பார்த்துட்டு வாங்குங்க."

பண்ணைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பூட்டுக்காரர் போனார். மாடுகள் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தார், பதினெட்டு. எல்லாம் தலையைக் குனிந்து புல்லைத்தான் தின்றன. அதில் சந்தேகமே இல்லை.

பண்ணைக்காரர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர். "இருவத்தஞ்சு வருஷமா சீஸ் போடுறேன். யாரு வீட்டுக்கு?" என்று கேட்டார். இவர் சொன்னதும் மீசை தொங்கிப்போனது.

"நாக்கு மேடமா? ஐயையோ! என் லாரியைத் திருப்பி அனுப்பினவங்களாச்சே! வெங்காய மூட்டை என்னுதுதான்!"

நல்ல சீஸாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, பயபக்தியோடு கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அவள் அதைச் சாப்பிட்டு, "இதுதாங்க சீஸு," என்றாள். சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, "புல்லு முத்திப் போச்சு. பண்ணைக்காரரை வேற சரிவுல மேய விடச் சொல்லுங்க. இப்பவே போய்ச் சொன்னாத்தான் சரியா வரும்," என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது அந்த வம்பு. செவ்வாய்க்கிழமை, களை மண்டிக் கிடக்கிறது. வியாழக்கிழமை, மாடு ஏதோ கவலையில் இருக்கிறது. சனிக்கிழமை, தண்ணீர்த் தொட்டி கழுவவில்லை. மற்ற நாலு நாளும் ஒரு குறையும் கிடையாது. பண்ணைக்காரர் களை பிடுங்கினார், தொட்டியைத் தேய்த்தார், மாடுகளைக் கிழக்குச் சரிவிலிருந்து மேற்குச் சரிவுக்கு மாற்றினார், மறுபடி கிழக்குக்கே ஓட்டினார். மாடுகளே குழம்பிப்போய் நடுவில் நின்றுவிட்டன.

மூன்றாவது வாரம் பூட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க மாடுங்க செவ்வாய், வியாழன், சனி மட்டும் சரியா மேயறதில்லை."

பண்ணைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டுக்குக் கிழமை தெரியுமாய்யா?"

"தெரியாமத்தான் இருக்கும். ஆனா அவ நாக்குக்குத் தெரியுதே."

அதற்குப் பிறகு பண்ணைக்காரர் அந்த மூன்று நாளும் விடியும்போதே தானே கம்பை எடுத்துக்கொண்டு மாடுகளின் பின்னால் போனார். ஒரு மாதத்தில் அவருக்குத் தொப்பை கரைந்து பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இளைக்க வேண்டியவர் இளைத்தார். தேற வேண்டியவள் தேறவில்லை.

ஆமாம், அதுதான் வேதனை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்க்கிற மெஷினில் அவளை ஏற்றிவிட்டு இவர் குனிந்து முள்ளைப் பார்ப்பார். வாராவாரம் முள் பின்னாலேயே போயிற்று. நாலாவது வாரம், அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, மெஷினைக் கவிழ்த்து அடியில் இருந்த திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பூட்டுக்காரர் கைக்கு அது என்ன பெரிய வேலை!

"ஒண்ணரை கிலோ கூடியிருக்கு!" என்று கத்தினார்.

"அப்படியா!" என்று அவளும் சிரித்தாள். "எல்லாம் உங்க புல்லு மாடு செய்யற வேலைங்க."

சிரித்துக்கொண்டே இறங்கினாள். இறங்கும்போது இவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் எடையே இல்லை. இவர் மெஷினைத் துடைக்கிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தவர், பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி வீட்டுக்குள் ரேடியோ அலறியது. வாசலில் மாடி வீட்டு நர்ஸின் செருப்பு. கதவு உள்தாழ்ப்பாள். ஊரில் எல்லார் கதவையும் திறக்கிறவர், தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்.

ரேடியோ நின்றது. கொஞ்சம் பொறுத்து அவள் குரல் வந்தது. "என்ன மறந்தீங்க?"

"பையி!"

ஜன்னல் வழியாக நர்ஸின் கை பையை நீட்டியது. "அம்மாகூடச் சும்மா பேசிட்டிருக்கேன்யா. நீங்க போயிட்டு வாங்க," என்றாள் நர்ஸ். நல்ல பெண், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று இவருக்கு மனசு நிறைந்தது. ரேடியோவை இவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை பண்ணைக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. சீஸுங்கறது நாலு மாசம் முன்னாடி போட்டது. இன்னிக்கு மாடு எதைத் தின்னா அதுக்கு என்ன? போன சனிக்கிழமை நீங்க திருப்பிக் கொண்டு வந்தீங்களே ஒரு துண்டு, அதையேதான் புதுத் தாள்ல சுத்தி உங்ககிட்டக் கொடுத்தேன்."

பூட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "அதை ஞாயித்துக்கிழமை பிரமாதம்னு சொன்னாளே!"

இருவரும் ரொம்ப நேரம் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாக்கு மேடத்தின் நாக்கு தப்பாது. அது இருவருக்குமே தெரியும். கடைசியில் பண்ணைக்காரரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"ரெண்டு பஸ்ஸு ஆட்டத்துல பக்குவம் ஆயிருக்கும்."

"அதான், அதான்," என்றார் பூட்டுக்காரர்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் மழை பிடித்துக்கொண்டது. காலையில் அவள் சீஸை வாயில் வைத்துவிட்டு, "கசக்குது, மாத்திட்டு வாங்க," என்றாள். குரல் ரொம்ப இறங்கிப்போயிருந்தது. தலையணையில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"மழை கொட்டுதேம்மா. இன்னிக்கு உன் பக்கத்துலயே இருக்கேனே?"

"போயிட்டு வாங்க," என்றாள். அப்புறம், "சீக்கிரம்," என்றாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

குடையோடு போனார். ஆற்றில் தண்ணீர் ஏறிப் பாலத்தை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் அவள் சாப்பிட மாட்டாள். நின்றார், யோசித்தார். தெருமுனைக் கடைக்குப் போய், தொழிற்சாலையில் செய்து சதுரம் சதுரமாக வெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கிற சீஸை வாங்கினார். சீஸ்களிலேயே மட்டமான சீஸ். பிளாஸ்டிக்கைக் கிழித்து, நாலு சதுரத்தையும் ஒன்றாக அழுத்தி, பையில் இருந்த பண்ணைக்காரரின் பழுப்புத் தாளில் சுற்றி, சணலைக் கட்டினார். உடனே போனால் மாட்டிக்கொள்வோம் என்று பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் குந்தியிருந்தார். நாற்பது வருஷத்தில் அவளிடம் சொன்ன பெரிய பொய்யை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி.

மதியம் வீட்டுக்குப் போனார். ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அவள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். முன்பு போலவே நாக்கில் ஒரு உருட்டு உருட்டினாள்.

"மேற்குச் சரிவு," என்றாள். "மழைக்கப்புறம் வந்த இளம்புல்லு. எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா? உங்களுக்கு ரொம்ப அலைச்சல்."

பூட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மாட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டார். லாரியைத் திருப்பி அனுப்பிய நாக்கு! வெங்காய மூட்டையைக் கண்டுபிடித்த நாக்கு! அதை ஒரு பிளாஸ்டிக் சீஸ் ஏமாற்றிவிட்டது. நாக்கே போய்விட்டதென்றால் இனி அவளில் என்ன மிச்சம் இருக்கிறது? வெள்ளிக்கிழமையும் அதையே தின்றுவிட்டு அதையே சொன்னாள். இவருக்கு ஒரு சாவியைக்கூட அரத்தால் ஒழுங்காக ராவ முடியவில்லை.

சனிக்கிழமை காலை, அவள் கண் விழிப்பதற்குள் மாடி ஏறினார். நர்ஸ் தன் பையில் ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் சட்டென்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்னங்கய்யா, அம்மாவுக்கு ஏதாவது...?"

"அவளுக்கு ஒண்ணுமில்லைம்மா. தப்புப் பண்ணினவன் நான்தான்." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். பாலம், பிளாஸ்டிக் சீஸ், பழுப்புத் தாள், மேற்குச் சரிவு, எல்லாம். எடை மெஷின் திருகாணியைக்கூட விடவில்லை. "நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. போன வாரம் வரைக்கும் மாட்டுக் கவலையைக்கூடக் கண்டுபிடிச்சவ அவ. நான் ஏமாத்தினதுலதான் அவ நாக்கு கெட்டுப்போச்சா? டாக்டர்கிட்டச் சொல்லணுமா? இன்னிக்குப் பாலம் திறந்துட்டாங்க, நான் இப்பவே பண்ணைக்கு ஓடிப்போய் நல்ல சீஸா வாங்கிட்டு வந்துட்டா, அந்த ருசி திரும்பி வந்துடுமா?"

 நர்ஸ் சுவரில் மணியைப் பார்த்தாள், எட்டரை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவுக்கு நாக்குல ருசி போய் நாலு மாசம் ஆச்சுங்கய்யா. செவ்வாய், வியாழன், சனி பத்து மணிக்கு நான் வந்து ஊசி போடறப்ப அவங்க கத்துறது உங்க காதுல விழக் கூடாதுன்னுதான் உங்களைப் புல்லைத் தேடி அனுப்பறாங்க. இன்னிக்கும் ஏதாவது குறை சொல்லுவாங்க, கேட்டுக்கிட்டுக் கிளம்பிப் போயிடுங்க."